டீக்கடை அடுப்பில் எரித்த நூல்கள்

நான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் பாதுகாப்பு வாரத்துக்காக ஒரு சிறிய புத்தகம் போடுகிறார்கள். அதற்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி பாதுகாப்பு அதிகாரி என்னைக் கேட்டார். இஞ்சினியருக்குப் படித்துவிட்டுப் புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பெண் அவர். தலைப்பையும் அவரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்: ‘பாதுகாப்புக் கவசம்: பொருளும் பயன்களும்.’ நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். அந்தத் தலைப்பைப் பார்த்ததும் பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்ததுபோலக் கை வியர்த்துவிட்டது. என்னால் முடியாது என்று சொல்லலாம் என்றால் அதைச் சொல்லவும் எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பொருள். கவசம் என்றால் எங்கள் எம். புதுப்பட்டியில் அம்மனுக்குச் சாத்துகிற வெள்ளிக் கவசம்தான். வேறு கவசம் நாங்கள் கேள்விப்பட்டதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்து முதல் எட்டு வருடம் சங்குச் சக்கரத்துக்கு மருந்து அடைத்தேன். அலுமினியப் பொடி கையில், முகத்தில், காது மடலில் எல்லாம் அப்பிக்கொள்ளும். சாயங்காலம் ஆள்வண்டியில் ஏறும்போது நாற்பது பெண்களும் மினுமினு என்று இருப்போம். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நான் வீட்டுக்குள் நுழைந்தால் அழுவாள். குளித்துவிட்டு வந்த பிறகுதான் என்னை அம்மா என்று ஒத்துக்கொள்வாள். என்னோடு மருந்து அடைத்த பாண்டியம்மா, வண்டியில் ஏறியதும் தினமும் இதைச் சொல்லுவாள்:

“அம்மனுக்கு வருசத்துல ஒரு நாத்தான் வெள்ளிக் கவசம். நமக்குத் தெனமும் சாத்துறாக.”

ஆனால் கம்பெனிக்காரர்கள் கவசம் என்று சொன்னது இந்தப் பொடியை அல்ல. சேலைக்கு மேலே நாங்கள் போட்டுக்கொள்ளும் சட்டையை. அந்தக் காலத்தில் கம்பெனியில் சட்டை கொடுக்க மாட்டார்கள். அவரவர் புருஷனுடைய பழைய சட்டையைக் கொண்டு வர வேண்டும். கல்யாணம் ஆகாத பெண்கள் அப்பாவுடையதையோ அண்ணனுடையதையோ போட்டுக்கொள்வார்கள். சட்டை பருத்தியாக இருக்க வேண்டும். அது ஒன்றுதான் விதி.

ஏன் பருத்தி என்று இப்போது சுவரில் படம் போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். பாலியஸ்டரும் நைலானும் உரசினால் கண்ணுக்குத் தெரியாத பொறி பறக்கும். மருந்துக்கு அந்தப் பொறி போதும். தீப்பிடித்துவிட்டால் பருத்தியும் எரியத்தான் செய்யும், ஆனால் கழற்றி எறிய ஒரு நிமிடம் தரும். பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிக்கொண்ட ஒரு சட்டையை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி இந்தக் கட்டுரையில் எழுத மாட்டேன்.

சேலையைப் பார்த்த உடனே பெண்கள் பருத்தியா இல்லையா என்று சொல்லிவிடுவோம். ஏமாற்றுவது ஆண்பிள்ளைச் சட்டைதான். போட்டிருக்கிறவருக்கே அது என்ன துணி என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு சட்டையையும் சோதித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று எங்கள் போர்மேன் சங்கரலிங்கம் அண்ணாச்சி முடிவு செய்தார். அதற்கு என்னைத்தான் தேர்ந்தெடுத்தார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை எல்லார் முன்னாலும் வைத்தே சொன்னார்.

“இந்த வேலைக்குப் பேசாத ஆளு வேணும். யாரு புருசன் எப்பிடிச் சட்டை போடுதான்னு ஊருக்குச் சொல்லாத ஆளு. குருவம்மா இங்கன எட்டு வருசமா இருக்கு. இது கொரல நான் ரெண்டு தடவதான் கேட்ருக்கேன். ரெண்டு தடவயும் தும்மல்.”

அண்ணாச்சி நெட்டையான ஆள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் பேனா. யாரையும் திட்ட மாட்டார். தப்பு செய்தவர் பக்கத்தில் போய்ப் பேசாமல் நிற்பார். தப்பு என்ன என்று அவர்களாகவே கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை நகர மாட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று எல்லாரும் சொல்லுவார்கள்.

சோதனை முறையை அவர்தான் சொல்லிக் கொடுத்தார். சட்டையிலிருந்து நூலை உருவி நெருப்பில் காட்ட வேண்டும். காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. நெருப்பைக் கண்டதும் சுருங்கி, உருகி, குண்டூசித் தலைபோலக் கறுப்பாக ஒரு குமிழ் வைத்தால் பாலியஸ்டர். தேறிய சட்டையின் காலருக்குள் சிவப்பு நூலால் ஒரு பெருக்கல் குறி தைக்க வேண்டும். சிவப்புக் குறி இல்லாத சட்டை வாசலைத் தாண்டக் கூடாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பட்டாசுக் கம்பெனிக்குள் நெருப்பு ஏது? வாசலிலேயே தீப்பெட்டியை வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் நான் நூல்களைப் பெயர் எழுதிய தாளில் மடித்து எடுத்துக்கொண்டு, தார்ச்சாலையைத் தாண்டி பால்ராஜ் அண்ணன் டீக்கடைக்குப் போவேன். அவர் பால் சட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். நான் இடுக்கியில் நூலைப் பிடித்து அடுப்பில் காட்டுவேன். டீ குடிக்க வந்தவர்கள் எட்டிப் பார்த்து, இது என்ன மருந்து, யாருக்குச் செய்வினை எடுக்கிறார்கள் என்று கேட்பார்கள். பால்ராஜ் அண்ணன் எனக்காகப் பதில் சொல்லிக் களைத்துப்போய், கடைசியில் ஆமாம் செய்வினைதான் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று குடித்தார்கள்.

முதல் வாரமே நான் ஒரு பெரிய தப்பு செய்தேன்.

அண்ணாச்சி, விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று சொல்லித் தன் சட்டையையும் நீட்டினார். அடி மடிப்பில் ஒரு நூல் லேசாக நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன், வந்தது. அடுப்பில் காட்டினேன். உருகிக் குமிழ் வைத்தது. திரும்பி வந்து அவர் முன்னால் நின்றேன். சொல்ல வாய் வரவில்லை. குமிழைத் தாளில் ஒட்டி, பக்கத்தில் ‘போர்மேன்’ என்று எழுதி நீட்டினேன். அண்ணாச்சி பார்த்தார். சட்டையைக் கழற்றினார். நான்காக மடித்துக் காவலாளி அறையில் வைத்தார். பனியனில் பை இல்லாததால் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு உள்ளே போனார்.

அன்றைக்கென்று பார்த்துக் கம்பெனியைச் சோதனை போட அரசாங்கத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். பனியனோடு நின்ற அண்ணாச்சியிடம், போர்மேனைக் கூப்பிடு என்றார். நான்தான் போர்மேன் என்று அண்ணாச்சி சொன்னார். சட்டை எங்கே என்று அதிகாரி கேட்டார்.

“சோதனையில பெயிலாயிருச்சு சார்.”

“யார் பெயிலாக்கினது?”

அண்ணாச்சி என் பக்கம் கையைக் காட்டினார். நான் வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அதிகாரி என்னையும் பனியனையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றைக்குச் சோதனை சீக்கிரம் முடிந்துவிட்டது. இவ்வளவு ஒழுங்கு உள்ள கம்பெனியை அவர் பார்த்ததில்லை என்று டிரைவர் டீக்கடையில் சொன்னாராம்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். நேராக என் பக்கத்தில் வந்து பேசாமல் நின்றார். எவ்வளவு நேரம் நின்றிருப்பார் என்று தெரியாது, எனக்கு ஒரு சீசன் போனதுபோல இருந்தது. என்ன தப்பு என்று எனக்குப் புலப்படவே இல்லை. கடைசியில் அவரே மடிப்பைத் திருப்பிக் காட்டினார். நான் உருவியது தையல் நூல். பருத்திச் சட்டையைக்கூடத் தையல்காரர்கள் பாலியஸ்டர் நூலால்தான் தைக்கிறார்கள்.

“தையல் நூலு தையக்காரனோடது. அது துணி இல்ல. இனிமே மடிப்புக்கு உள்ளருந்து நெல்லு அளவு துணிய வெட்டு. நெடுக்க ஓடுற பாவுல ஒண்ணு உருவு, குறுக்க ஓடுற ஊடையில ஒண்ணு உருவு. ரெண்டையும் தனித்தனியாக் காட்டு. சில மில்லுல ஒண்ணப் பருத்தியா வச்சு ஒண்ணுல ஏமாத்துவான்.”

இதற்கப்புறம் இருபத்தாறு வருடம் இப்படித்தான் செய்தேன். பாவில் ஒன்று, ஊடையில் ஒன்று. ஆனால் போர்மேனைப் பனியனோடு அலையவிட்டவள் என்ற பெயர் எனக்கு நிலைத்துவிட்டது.

இந்த வேலையில் எனக்கு ஊருக்குள் இருக்கிற எல்லாச் சட்டையும் பழக்கமாகிவிட்டது. யார் வீட்டில் சண்டை என்று எனக்குத் தெரியும். சண்டை நடந்த மறுநாள் புருஷனுடைய நல்ல சட்டை வேலைக்கு வந்துவிடும். ஒருநாள் முகூர்த்த நேரத்தில் ஒருவர் வாசலில் வந்து நின்று தன் சட்டையைக் கேட்டு அழாத குறையாக மன்றாடினார். கல்யாண வீட்டில் எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் மனைவி அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு சரவெடி பின்னிக்கொண்டிருந்தாள். சட்டையை வாங்கிப் போட்டபோது அதில் அவ்வளவு அலுமினியப் பொடி. மாப்பிள்ளையைவிட அவர்தான் ஜொலித்தார் என்று கேள்விப்பட்டேன்.

இன்னொரு நாள், கல்யாணம் ஆகாத ஒரு பெண் கட்டம் போட்ட நீலச் சட்டையோடு வந்தாள். அண்ணனுடையது என்றாள். அந்தச் சட்டைக்கு நான் ஏற்கெனவே குறி தைத்திருந்தேன். எங்கள் கம்பெனி லாரியில் லோடு ஏற்றுகிற பையனுடைய சட்டை அது. காலருக்குள் இருந்த என் சிவப்புக் குறியை நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். நான் நோட்டில் ‘அண்ணன்’ என்று எழுதிக்கொண்டேன். அடுத்த ஆவணியில் பத்திரிகை வைக்க இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். அந்த வரியைத் திருத்தட்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

இனி ரோஸ் சட்டை விஷயம்.

தீபாவளி முடிந்ததும் கம்பெனிகளைச் சில வாரம் மூடிவிட்டு, பிறகு பூஜை போட்டுத் திறப்பார்கள். நான் சோதனை வேலைக்கு வந்து பத்து வருடம் இருக்கும். அந்தத் தடவை முதலாளி, பெண்கள் எல்லாருக்கும் புதுச் சட்டை கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அவருடைய மைத்துனர் விருதுநகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். சட்டைகள் அங்கேயிருந்து வந்தன. மொத்தம் நூற்று எண்பது. ரோஸ் நிறம், பெரிய பை, முதுகில் கம்பெனிப் பெயர். காலரில் ‘சுத்தப் பருத்தி’ என்று துண்டு தைத்திருந்தது.

சனிக்கிழமை மூட்டை வந்தது. சாமான்களைத் துடைத்து வைக்க வந்திருந்த பெண்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். பாண்டியம்மா ஒன்றை எடுத்துப் போட்டே பார்த்துவிட்டாள். கையைத் தூக்கினாள், திரும்பினாள், பைக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

“ஏளா குருவு, கலியாணம் முடிஞ்சு பத்தொம்பது வருசமா அந்த மனுசன் வேர்வைதான் என் மேல கெடக்கு. எனக்குன்னு தச்ச மொதச் சட்டைளா இது.”

நான் நெல்லளவு துணியை வெட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். பாவு நூலைக் காட்டினேன், சாம்பலாக உதிர்ந்தது. ஊடை நூலைக் காட்டினேன். சுருங்கியது, உருகியது, குமிழ் வைத்தது.

இன்னொரு சட்டை எடுத்து வந்து பார்த்தேன். அதே. பத்துச் சட்டை பார்த்தேன். பத்துக் குமிழ். அடுப்பில் ஏதாவது கோளாறோ என்று பால்ராஜ் அண்ணன் பர்னரைத் துடைத்துக் கொடுத்தார். துடைத்த பிறகும் உருகியது.

அண்ணாச்சி தானே வந்து இரண்டு நூல் உருவிக் காட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் பேசாமல் நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிந்தது அவருக்கும் புரிந்துவிட்டது.

“திங்கக்கெழம பூசை முடிஞ்சதும் மொதலாளியம்மா கையால குடுப்பாக. அங்கனயே போட்டுக்கிட்டு உள்ள போவாளுக. அதுக்கு முன்னால மொதலாளிக்குத் தெரியணும். நீதான் சொல்லணும். எனக்கும் அவுக மச்சானுக்கும் முன்னாலயே ஆகாது. நான் சொன்னா அந்தப் பகையில சொல்றேன்னு போயிரும்.”

நான் எழுதிக் கொடுத்துவிடட்டுமா என்று சைகையில் கேட்டேன். முதலாளிக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது, அதை எடுத்து வரவும் மாட்டார், பக்கத்தில் இருக்கிற மைத்துனர்தான் படித்துச் சொல்லுவார் என்றார் அண்ணாச்சி.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க வீட்டில் ஒத்திகை பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் வேலைக்குப் போகிறவர், நல்ல மனிதர். அவரை நாற்காலியில் முதலாளியாக உட்கார வைத்தேன். அவர் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, என்ன வேணும் என்று கனைத்தார். எனக்கு அவர் முன்னாலேயே வாய் வரவில்லை. மூன்று தடவை பார்த்துவிட்டு, நாற்காலியில் இருந்தபடியே என்னை வேலையை விட்டு நீக்கிவிட்டார். பிறகு எழுந்து வந்து, சோறு போடு என்றார்.

பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்றும் நினைத்தேன். அண்ணாச்சியையும் பால்ராஜ் அண்ணனையும் தவிர யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் நூற்று எண்பது சட்டைக்கும் காலருக்குள் சிவப்புக் குறி தைக்க வேண்டியவள் நான். பாண்டியம்மா கையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தது கண்ணிலேயே நின்றது. அதோடு சேர்ந்து, முன்னால் எழுத மாட்டேன் என்று சொன்னேனே, அந்தச் சட்டையும் வந்து நின்றது.

திங்கட்கிழமை காலை. கம்பெனி வாசலுக்கு வெளியே, சாலையோரம் ஒரு காளியம்மன் கோயில் இருக்கிறது. சூடம் கொளுத்த வேண்டும் என்பதால் பூஜை அங்கேதான். முன்னால் முதலாளி, அவர் மனைவி, மைத்துனர். பின்னால் நாங்கள் எல்லாரும். புதுச் சட்டை வரப்போகிறது என்று பாண்டியம்மா பழைய சட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். ரோஸ் சட்டைகள் கோயில் படியில் அடுக்கியிருந்தன. என் கையில் ஊடை நூல்கள் நான்கைந்து. வேர்வையில் நனைந்துவிடக் கூடாதே என்று விரலை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தேன்.

பூசாரி சூடத்தட்டை முதலாளியிடம் நீட்டினார். தட்டு அங்கேயிருந்து நகர்ந்தால் அடுத்தது சட்டைதான். அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எப்படிப் போனேன் என்று தெரியாது. வரிசையைப் பிளந்துகொண்டு ஓடினேன். முதலாளிக்கும் தட்டுக்கும் நடுவில் போய் நின்றேன். பேசத்தான் நினைத்தேன். மூச்சுதான் வந்தது, பெரிசு பெரிசாக. உடம்பெல்லாம் நடுங்கியது. ஓடியதில் கொண்டை அவிழ்ந்து முடி தோளில் விழுந்துவிட்டது.

பின்னால் யாரோ குலவை போட்டார்கள். அப்புறம் எல்லாரும் போட்டார்கள்.

எனக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். எட்டு வருடம் மருந்து அடைத்து, பத்து வருடம் நூல் எரித்து, ஒரு வார்த்தை பேசாதவள் இப்படி வந்து நின்றால் வேறு என்னதான் நினைப்பார்கள்? பூசாரி ஒரு கைப்பிடி திருநீற்றை என் முகத்தில் வீசினார். வாய்க்குள் போய்விட்டது. கண்ணைத் திறந்தால், முதலாளி தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகூப்பி, தலை குனிந்து என் முன்னால் நிற்கிறார்.

“தாயி, என்ன கொறை வச்சேன்? எதுன்னாலும் சொல்லு, செஞ்சுருறேன்.”

அவர் என்னிடம் அப்படிக் கேட்டதும், என்ன மாயமோ, எனக்கு நடுக்கம் நின்றுவிட்டது. நூலைச் சூடத்தில் காட்டினேன். உருகியது. திருநீற்றைத் துப்பிவிட்டுச் சொன்னேன்.

“பாவு பருத்தி. ஊடை பாலியஸ்டர். இதைப் போட்டா உள்ள போகக் கூடாது.”

குலவை நின்றுவிட்டது. பாண்டியம்மா மட்டும் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

“ஆத்தாளுக்குப் பாலியஸ்டரு எப்பிடித் தெரியும்?”

முதலாளி மெதுவாகத் தலையைத் தூக்கினார். கையைப் பிரிப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. சாமி இல்லை, நான்தான் என்று சொன்னேன். இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் காரியம் இன்னும் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் அம்மன் பெயரில் பொய் சொல்லிவிட்டு அந்த வாசல் வழியாக நான் எப்படித் தினமும் போய்வர முடியும்?

மைத்துனருக்கு இப்போது தைரியம் வந்துவிட்டது.

“மாமா, இதுதான் உங்க போர்மேனப் பனியனோட விட்ட பொம்பள. தையல் நூல உருவிட்டு வந்து பாலியஸ்டருங்குது. இதுக்குப் போயி நீங்க துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு நிக்கீக.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பத்து வருடத்துக்கு முந்தின அந்தத் தப்பு எனக்கு முன்னால் வந்து நின்றது. படியிலிருந்து ஒரு ரோஸ் சட்டையை எடுத்து, மடிப்பைத் திருப்பி, முதலாளியிடம் நீட்டினேன்.

“நான் உருவலை. நீங்களே உருவுங்க. குறுக்க ஓடுறதுல ஒண்ணு.”

முதலாளி வெகுநேரம் நகத்தால் நெருடினார். கண்ணாடி இல்லாததால் முதலில் நெடுக்கு நூலை உருவினார், சாம்பலானது. மைத்துனர் சிரித்தார். அடுத்து குறுக்கு நூலை உருவித் தட்டில் காட்டினார். குங்குமத்துக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு குமிழ் விழுந்து ஒட்டிக்கொண்டது. முதலாளி அதைத் தொட்டுப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டார். சுட்ட விரலை மைத்துனருக்குக் காட்டினார். மில்லுக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று மைத்துனர் சொன்னார். அது உண்மையாகவும் இருக்கலாம். அவரை நான் குறை சொல்லவில்லை.

அத்தோடு முடிந்தது என்று நான் கொண்டையைப் போட்டுக்கொண்டேன். ஆனால் அண்ணாச்சி முன்னால் வந்தார். முதலாளி பக்கத்தில் போய்ப் பேசாமல் நின்றார். முதலாளிக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. பிறகு குனிந்து தான் போட்டிருந்த சட்டையைப் பார்த்தார். பூஜைக்காக எடுத்த புதுச் சட்டை. அதுவும் மைத்துனர் கடையில் எடுத்தது. அதற்குச் சிவப்புக் குறி கிடையாது.

“குருவம்மா, இதையும் பாத்துரு,” என்றார் முதலாளி.

பார்த்தேன். பாவும் உருகியது, ஊடையும் உருகியது.

முதல் சக்கரத்துக்கு மருந்து போட்டு வேலையைத் தொடங்கி வைக்க வேண்டியவர் முதலாளி. உள்ளே போகாமல் முடியாது. நல்ல நேரம் முடியப் போகிறது என்று பூசாரி சொன்னார். அண்ணாச்சி போனதுபோலப் பனியனோடு போய்விடுகிறேன் என்றார் முதலாளி. நூற்று எண்பது பொம்பளைகளுக்கு நடுவிலேயா என்று முதலாளியம்மா பல்லைக் கடித்தார். அப்போது பாண்டியம்மா கையில் சுருட்டி வைத்திருந்த சட்டையை உதறி நீட்டினாள்.

“மொதலாளி, நம்ம வீட்டுச் சட்டை. தொவைச்சதுதான், ஆனா பொடி போகாது. குருவு குறி போட்டுருக்கு.”

பாண்டியம்மா வீட்டுக்காரர் கம்பிமத்தாப்புபோல ஒல்லி. முதலாளி அப்படி இல்லை. கை நுழைந்தது, பொத்தான் ஒன்றுகூடச் சேரவில்லை. முன்பக்கம் திறந்தபடி, முழங்கை வரை கையோடு, மினுமினு என்று அவர் கம்பெனிக்குள் நடந்தார். பழைய சட்டையோடு நாங்கள் பின்னால் போனோம். வாசலில் காவலாளி அவரை நிறுத்தி, காலரைத் திருப்பிப் பார்த்து, குறி இருக்கிறது என்று சொல்லி உள்ளே விட்டார். அதை அண்ணாச்சி ரசித்தார் என்று நினைக்கிறேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, சட்டைப் பையில் இருந்த பேனா மட்டும் கொஞ்சம் ஆடியது.

இதனால் எனக்குப் பெண்கள் மத்தியில் நல்ல பெயர் கிடைத்தது என்று நினைத்துவிட வேண்டாம். புதுச் சட்டை போச்சே என்று ஒரு மாதம் என்னோடு யாரும் சரியாகப் பேசவில்லை. நானும் பேசாத ஆளாக இருந்ததால் இரண்டு பக்கமும் பெரிய கஷ்டம் இல்லை. பாண்டியம்மாவுக்குத்தான் அதிகக் கோபம். அவள் வீட்டுக்காரர், முதலாளி போட்ட சட்டை என்று அதைத் துவைத்து, தேய்த்து, பெட்டிக்குள் வைத்துவிட்டார். விசேஷ வீட்டுக்கு மட்டும் போட்டுக்கொண்டு போவார். அவளுக்குப் போட்டுக்கொள்ளச் சட்டை இல்லாமல் கொஞ்ச நாள் தம்பி சட்டையை இரவல் வாங்கினாள்.

நான்கு மாதம் கழித்து உண்மையான பருத்தியில் சட்டை வந்தது. அதே ரோஸ். பாவிலும் ஊடையிலும் சாம்பல்தான். சந்தோஷமாகக் குறி தைத்தேன். முதல் நாள் வேர்வையிலேயே சாயம் இறங்கி, சேலை, கை, கழுத்து எல்லாம் ரோஸாகிவிட்டது. அதன்மேல் அலுமினியப் பொடி. ஆள்வண்டி திருத்தங்கல் வழியாகப் போகும்போது பேருந்துக்குக் காத்து உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். சாயத்தைச் சோதிக்கச் சொல்லி எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். திருப்பி அனுப்பிய பழைய நூற்று எண்பதில் சிலவற்றைப் பிற்பாடு ஓர் ஓட்டலில் பார்த்தேன். முதுகில் கம்பெனிப் பெயருக்கு மேல் துணி ஒட்டிப் போட்டு, பரிமாறுகிறவர்கள் அணிந்திருந்தார்கள். இட்லிக்கு அது ஒன்றும் செய்யாது.

அண்ணாச்சி ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிவிட்டது. இப்போது கம்பெனியே தைத்துக் கொடுக்கிறது. துணிக்குச் சான்றிதழ் வருகிறது. புருஷன் சட்டை வேலைக்கு வருவதில்லை. யார் வீட்டில் சண்டை என்று யாருக்கும் தெரிவதில்லை. சான்றிதழ் வந்த துணியிலும் நான் கடைசி நாள் வரை இரண்டு நூல் உருவினேன். பாதுகாப்பு அதிகாரி அது எதற்கு என்று கேட்டார். பழக்கம் என்று சொன்னேன். அவரும் ஒருநாள் என்னோடு டீக்கடைக்கு வந்து பார்த்துவிட்டு, தன் துப்பட்டாவிலும் ஒரு நூல் உருவித் தந்தார். மறுநாளிலிருந்து வேறு துப்பட்டா.

இரண்டு மாதத்துக்கு முன்னால் எனக்கு ஐம்பத்தெட்டு முடிந்து வழியனுப்பினார்கள். கம்பெனிக்குள் பாக்கிங் கூடத்துக்கு முன்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். முதலாளிக்கு வயதாகிவிட்டது, மகன் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். பாண்டியம்மா முன்வரிசையில் இருந்தாள். பெரியவர் எனக்குப் போடுவதற்காகப் பொன்னாடையை விரித்தார். சிவப்பு, ஓரமெல்லாம் ஜரிகை, பளபள என்று வெயிலில் மின்னியது. அவர் இரண்டு கையாலும் அதைத் தூக்கிக்கொண்டு என்னை நோக்கி வந்தார். எல்லாரும் கை தட்டினார்கள்.

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதற்கு நூல் உருவவே தேவையில்லை.

முப்பத்து நான்கு வருடம் முன்னால் என்றால் பேசாமல் தோளைக் காட்டியிருப்பேன்.

“மொதலாளி, மன்னிச்சுக்கிடுங்க. அதை வாசலுக்கு வெளியே வச்சுப் போடுங்க.”

கைதட்டல் நின்றது. பெரியவர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தான் போட்டிருந்த சட்டையின் காலரைத் தானே திருப்பி எனக்குக் காட்டினார். சிவப்புக் குறி இருந்தது.

“எல்லாரும் வெளிய வாங்கப்பா,” என்றார்.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வாசலைத் தாண்டிச் சாலைக்கு அந்தப்பக்கம் போனோம். டீக்கடைக்கு முன்னால் வைத்துத்தான் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இவ்வளவு கூட்டத்தையும் என்னையும் பார்த்த பால்ராஜ் அண்ணன், என்ன ஏது என்று கேட்கவில்லை. பழக்கத்தில் பால் சட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.